இருட்டினால் ஆடும் வண்டி

எங்கள் வீட்டுக் கார் 2002-ஆம் வருட மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. டிக்கியில் ஒட்டிய ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற வெள்ளி எழுத்துகள் இன்னும் உரியவில்லை. வாங்கிய காலத்தில் அந்த எழுத்துகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துக்கு யூரோ புகை விதிகளைக் கட்டாயமாக்கியது. 2000-ல் நாடு முழுவதும் புது வண்டிகளுக்கு அதே வகை விதிகள் வந்தன. கார்புரேட்டர் கார்கள் ஒவ்வொன்றாக ஷோரூமை விட்டுப் போனது அந்த வருடங்களில்தான். கார்புரேட்டரில் காற்று போகிற வேகமே பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். எம்.பி.எஃப்.ஐ.யில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் உண்டு. அது எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு சிறிய கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சென்சார்கள் சொல்வதை நம்பித்தான் அந்தக் கணக்கு. சென்சார் சொல்வது தவறிப்போனால் கம்ப்யூட்டர் தவறான கணக்கைச் சரியாகப் போடும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். வீடு தூத்துக்குடியில். ஷிஃப்ட் முடிய இரவு எட்டு மணி ஆகிவிடும். காலையில் வண்டி என் கணவரிடம் இருக்கும், மதியத்துக்கு மேல் என்னிடம். ஐம்பது கிலோமீட்டர் சாலை, பெரும்பகுதி ஆள் அரவமில்லாத வெளி.

கே.டி.சி. நகர் தாண்டும் வரை வண்டி ஒழுங்காக ஓடும். டோல்கேட் வரிசையில் நிற்கும்போதுதான் தொடங்கும். ஐட்லிங்கில் எஞ்சின் தடுமாறும். ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்ன பனிமய மாதா சிலை படபடவென்று அதிரும். கண்ணாடியை இறக்கினால் பச்சைப் பெட்ரோல் நெடி. முதல் கியரில் எடுக்கும்போது இரண்டு மூன்று முறை முட்டி, அப்புறம்தான் இழுக்கும். வேகம் பிடித்துவிட்டால் பெரிதாகத் தெரியாது. அடுத்த நாள் காலையில் என் கணவர் துறைமுகச் சாலைப் பக்கம் எடுத்துப் போய் வந்து, “எனக்கு ஒண்ணும் தெரியலையே, தண்ணி மாதிரி ஓடுது” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் அது அப்படித்தான் ஓடியது.

வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலம் தாண்டியபின் வெளிச்சம் குறைந்துபோகும். அந்த இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடு தினமும் ஓட்டினேன். அந்தப் பயத்தை யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சொன்னால் வண்டியைக் காட்டு என்பார்கள். காட்டும்போது வண்டி ஓடும்.

முதலில் விட்ட ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “க்ளட்ச்சை டக்குன்னு விடுறீங்க மேடம். சார் ஓட்டுனா வரலைன்னு அவரே சொல்றாரே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பல வாரம் என்னை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு இரவும் என் இடது காலையே கவனித்துக்கொண்டு ஓட்டினேன். வண்டி நிற்கும்போதே ஆடுகிறதே, நின்ற வண்டியில் க்ளட்ச்சுக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். பத்து வருடத்துக்கு மேல் கார் ஓட்டிய ஒருத்தியை, ‘உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்று ஒரு பகல்நேரச் சுற்றிலேயே நம்பவைக்க முடிகிறது. இதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இதே பதிலைக் கேட்டுத் திரும்பிய பெண்கள் எத்தனை பேர் என்று லேபில் பேச்சுக் கொடுத்தபோது தெரிந்துகொண்டேன்.

அடுத்து வேறொரு மெக்கானிக். அவர் என்னை நம்பினார், ஆனால் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எஞ்சின் தடுமாறினால் மிஸ்ஸிங், மிஸ்ஸிங் என்றால் ப்ளக் என்று நான்கு ப்ளக்கையும் மாற்றினார். கழற்றிய ப்ளக்குகளின் முனை கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்பதற்கு அது நேரடியான சாட்சி, ஆனால் அது ஏன் அதிகமாகப் போகிறது என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. புது ப்ளக் போட்டதும் சில நாட்கள் ஆட்டம் குறைந்தது. கரி படியப் படியத் திரும்பி வந்தது. பிறகு ப்ளக் வயர், ஃப்யூயல் ஃபில்டர், இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங். ஒவ்வொரு முறையும் பகலில் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுத்தார்கள். இரவில் எனக்கு அதே கதை.

அந்தச் சமயத்தில்தான் செக் எஞ்சின் விளக்கு ஒருநாள் எரிந்தது. ஓ.பி.டி. என்ற பழுதறியும் முறை இந்தியாவில் கட்டாயமாகத் தொடங்கியது 2010-லிருந்துதான். அதற்கு முந்தைய எங்கள் வண்டியில் எல்லா ஸ்கேனரும் பொருந்துகிற சாக்கெட் கிடையாது. பானெட்டுக்குள் ஒரு சின்ன கனெக்டர் இருக்கிறது. அதில் இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைப் போட்டால், விளக்கு மின்னி மின்னி எண் சொல்லும். ஒரு மின்னல், சிறிது இடைவெளி, பிறகு மூன்று மின்னல். பதிமூன்று. எங்கள் மாடலில் அது ஆக்ஸிஜன் சென்சார். எல்லோருக்கும் நிம்மதி. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது! புது ஆக்ஸிஜன் சென்சார் வாங்கிப் போட்டோம். விலை சாதாரணமில்லை. சில வாரங்களில் விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடி பதிமூன்று.

அடுத்தது ஃப்யூயல் பம்ப் என்றார்கள். அதற்குமேல் கம்ப்யூட்டரையே மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அங்கே நான் நிறுத்தச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய பாடம் உண்டு. மலேரியா சந்தேகம் என்றால் குளிர்காய்ச்சல் ஏறுகிற நேரத்தில் ரத்தம் எடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கியபின் எடுத்த ஸ்லைடில் கிருமி கண்ணில் படாமல் போகலாம். அதற்காக நோயே இல்லை என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. திரும்ப எடுக்கச் சொல்வார்கள், நேரம் குறித்து எடுக்கச் சொல்வார்கள். நோயாளியிடம் முதல் கேள்வியே ‘எப்போது வருகிறது?’ என்பதுதான். என் வண்டிக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் அதுவரை வண்டி எப்படி ஆடுகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், எப்போது ஆடுகிறது என்று சொல்லவில்லை.

ஒரு நோட்டு எடுத்து வண்டியில் வைத்தேன். நேரம், எஞ்சின் சூடா ஆறியதா, ஏசி, ஹெட்லைட், வைப்பர், மழை, டேங்கில் பெட்ரோல் அளவு, நின்றதா ஓடியதா, ஆடியதா இல்லையா. வண்டியை நிறுத்தியதும் எழுதுவேன். என் கணவரையும் எழுதச் சொன்னேன். ஆடாத நேரத்தையும் எழுதச் சொன்னதுதான் உதவியது. ஆடிய நேரத்தை மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

அவர் எழுதிய வரிகளில் ஏசி பெரும்பாலும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவது அவர் வழக்கம். ஹெட்லைட் இல்லவே இல்லை. நான் எழுதிய வரிகளில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒருமுறைகூட ஆடவில்லை. சூடானபின், ஹெட்லைட் எரியும்போது, நின்ற இடத்தில் ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்கினால் ஆடியது. மழையில் வைப்பரும் சேர்ந்த நாட்களில் ஆட்டம் அதிகம். பெட்ரோல் அளவுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. க்ளட்ச்சுக்கும் இல்லை.

ஒரு விடுமுறை நாள் முற்பகலில் வீட்டு வாசலில் வண்டியை நன்றாகச் சூடாக்கினேன். ஐட்லிங் சீராக இருந்தது. ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டேன், ஏசி ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தேன், வைப்பரை ஓடவிட்டேன். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு எஞ்சின் மெல்லக் கனத்து, தடுமாறி, ஆடத் தொடங்கியது. பனிமய மாதா சிலை அதிர்ந்தது. எல்லாவற்றையும் அணைத்தேன். சிறிது நேரத்தில் ஆட்டம் அடங்கியது. மறுபடி போட்டேன், மறுபடி ஆடியது. என் கணவர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஆடத்தான் செய்யுது” என்றார். பிறகு பக்கத்தில் வந்து, “இவ்வளவு நாளா ராத்திரி இப்படியா ஓட்டிட்டு வந்த?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பழுது என்னவென்று அப்போதும் தெரியாது. ஆனால் வெயில் அடிக்கும் நேரத்தில், யார் முன்னால் வேண்டுமானாலும், நினைத்தபோது அதை வரவழைக்க என்னால் முடிந்தது. எப்போதாவது வரும் பழுதில் பாதி வேலை அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த முறை மெக்கானிக்கிடம் போகவில்லை. உப்பு லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் போனேன். தலை நரைத்தவர். நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்தார். “லைட்டு போட்டா ஆடுது, அணைச்சா நிக்குது. சூடானாத்தான் ஆடுது. அப்படித்தானம்மா?” என்றார். ஆமாம் அண்ணாச்சி என்றேன். “செஞ்சு காமிங்க.” செய்து காட்டினேன்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தார். 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. எல்லா விளக்கும் எரிய, ஃபேன் சுற்ற, எஞ்சின் ஆடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மறு முனையை எஞ்சின் ப்ளாக்கிலும் வைத்தார். கிட்டத்தட்ட சைபர். எஞ்சினிலிருந்து எடுத்து காரின் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்தார். 0.5 வோல்ட். “பாத்தீங்களா? நெகட்டிவும் பாடியும் ஒண்ணுதான? இங்க எதுக்கு அரை வோல்ட் நிக்குது?” அந்த இடத்தில் 0.1, மிஞ்சிப் போனால் 0.2-க்குமேல் காட்டக் கூடாது. விளக்கை அணைத்ததும் எண் சரசரவென்று இறங்கியது. எல்லாம் அணைந்திருக்கும்போது அளந்திருந்தால் பழுது தெரிந்தே இருக்காது. மின்சாரம் ஓடும்போதுதான் தடை தன்னைக் காட்டும்.

பிறகு ஒரு தடிமனான கேபிளை எடுத்து பேட்டரி நெகட்டிவையும் பாடியையும் நேரடியாக இணைத்தார். ஹெட்லைட் சட்டென்று வெளுத்து எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஆட்டம் நின்றது. கேபிளை எடுத்தார், ஆட்டம் திரும்பியது. “எர்த்து பிடிக்கலம்மா, அவ்வளவுதான்.”

பேட்டரி தட்டுக்குக் கீழே, இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் முறுக்கியிருந்த எர்த் வயரைக் கழற்றினார். மேலே கறுப்பு ப்ளாஸ்டிக் உறை பளபளவென்று முழுசாக இருந்தது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. வயர் நுனியில் இருக்கும் உலோக லக்கின் கழுத்தருகே உறையை ப்ளேடால் கீறினார். உள்ளே செம்பு இல்லை. பச்சைப் பொடி கொட்டியது. பொடியைத் தட்டிவிட்டபின் நல்ல இழைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சின, அவையும் கறுத்துப்போயிருந்தன. தூத்துக்குடியில் உப்பளக் காற்று எங்கே புகாது? முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் நிற்கும் வண்டிகளில் இது அடிக்கடி வருகிற வேலை என்றார். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பு உறைக்குள்ளேயே அரித்துப்போகும்.

எர்த் கெட்டால் விளக்கு மங்கலாம், சரி. எஞ்சின் ஏன் ஆட வேண்டும்? இது விளங்காமல் விட எனக்கு மனமில்லை. அண்ணாச்சி சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் பதிமூன்று என்ற அந்த எண்ணின் பொருள் இதில்தான் இருக்கிறது.

எங்கள் வண்டியின் ஆக்ஸிஜன் சென்சார் ஒற்றை வயர் கொண்டது. புகைக்குழாயில் முறுக்கியிருக்கும். அதன் எர்த் அந்த மரை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. கம்ப்யூட்டரின் எர்த்தோ பாடியில். பெட்ரோல் அதிகமாக எரிந்தால் சென்சார் 0.8, 0.9 வோல்ட் கொடுக்கும். காற்று அதிகமென்றால் 0.1 அளவில் நிற்கும். நடுக்கோடு 0.45. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடையளவைச் சுற்றி, கூட்டிக் குறைத்துக் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டே இருக்கும். இப்போது ஹெட்லைட்டும் ஃபேனும் ப்ளோயரும் ஓடுகின்றன. அவற்றின் மின்சாரம் எல்லாம் பாடி வழியாகத் திரும்பிப் போகவேண்டும். வழி அரித்துப்போயிருப்பதால் பாடி அரை வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. பாடியில் நிற்கும் கம்ப்யூட்டரும் அரை வோல்ட் மேலே ஏறுகிறது. சென்சார் 0.8 என்று உண்மையைச் சொல்கிறது. மேலே ஏறி நிற்கும் கம்ப்யூட்டருக்கு அது 0.3 ஆகத் தெரிகிறது. பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றுகிறது. எவ்வளவு ஊற்றினாலும் 0.45-ஐத் தாண்டாது. தன் வரம்பு முட்டும் வரை ஊற்றிவிட்டு, கடைசியில் சென்சார் கெட்டுவிட்டது என்று 13-ஐ எழுதி வைக்கிறது.

பெட்ரோல் நெடி, ப்ளக்கில் கரி, நின்றால் ஆட்டம், எல்லாம் இதற்குள் அடங்கிவிட்டன. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆடாததற்கும் காரணம் இதுவே. சுமார் 300 டிகிரி சூடு ஏறும்வரை இந்தச் சென்சார் வேலை செய்யாது. அதுவரை கம்ப்யூட்டர் அதைக் கேட்பதும் இல்லை.

புது வயர், புது லக்கு, உப்புத்தாளால் பாடியைத் தேய்த்து வெள்ளை உலோகம் தெரியும்வரை சுத்தம், மேலே கிரீஸ். மீட்டர் 0.04 காட்டியது. அண்ணாச்சி வாங்கிய கூலி, நான் ஆக்ஸிஜன் சென்சாருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு துண்டு. வீட்டில் டப்பாவில் கிடந்த பழைய சென்சாரை அவரிடமே கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினோம். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

அதன்பின் லேபில் யார் வண்டி மிஸ்ஸிங் என்றாலும் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றே. எப்போது? காலையில் ஆறிய எஞ்சின் மட்டும் தடுமாறி, சூடானதும் சரியானால், தண்ணீர் வெப்பச் சென்சாரையும் காற்றுக் கசிவையும் முதலில் பார்க்கச் சொல்வேன். நின்றால் ஆட்டம், வேகத்தில் இல்லை என்றால் வேக்குவம் ஹோஸ் எங்காவது வெடித்திருக்கலாம். பழைய ரப்பர் நம் ஊர்ச் சூட்டில் சுலபமாக வெடிக்கும். நன்றாகச் சூடானபின் திடீரென்று அணைந்து, அரைமணி ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் இக்னிஷன் காயில் அல்லது க்ராங்க் சென்சார். மழையன்று மட்டும் என்றால் ப்ளக் வயர். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் மின்பொறி கசிவது நீல நிறத்தில் கண்ணுக்கே தெரியும், கையை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது மட்டும் என்றால் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கவேண்டும். பம்ப்பை மாற்றிப் பார்ப்பதற்கு முன் அளக்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய வண்டியில் பாகத்தை மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. மாற்றிய பாகத்தால் சரியானதா, ஆடாத நேரத்தில் ஓட்டிப் பார்த்ததால் சரியாகத் தெரிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மெக்கானிக் அண்ணன் தம்பிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வண்டியைக் கொண்டுவருகிறவர், அது பெண்ணாக இருந்தாலும் வயதானவராக இருந்தாலும், ராத்திரியில்தான் ஆடுகிறது என்று சொன்னால், ராத்திரியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் பகலிலேயே எல்லா விளக்கையும் போட்டு, ஃபேன் சுழலும்வரை காத்திருந்து, பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும், நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கடலோர ஊர்களில் பழைய கார் வைத்திருக்கிறவர்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் எர்த் வயர்களைக் கழற்றி, உறையைக் கீறி, உள்ளே செம்பு செம்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.